தீபாவளிக்கு மறுநாள் போன் செய்ய ஆட்கள் வேண்டும்

வணக்கம். தீபாவளி முதல் புத்தாண்டு வரை, சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தனியாக இருக்கும் நம் முதியவர்களுடன் போனில் தமிழில் பேசத் தொண்டூழியர்கள் தேவை. வாரத்துக்கு இரண்டு அழைப்பு, ஒவ்வொன்றும் 15 நிமிடம்.

பண்டிகையன்று யாராவது முறுக்கு டப்பாவோடு எட்டிப் பார்ப்பார்கள். மறுநாள்தான் வீடு வெறிச்சோடும். அதனால் முதல் அழைப்பு மறுநாள் காலை. சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள். போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்துச்சு? இன்னைக்கு என்ன சமைச்சீங்க?" என்று கேளுங்கள். விடியுமுன்பே விழிப்பு, அடுப்பு பற்றவைக்காத நாள்கள், கோயிலுக்கோ காப்பிக் கடைக்கோ போக மனமில்லாமை. இதெல்லாம் இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் (polyclinic) காட்டவேண்டும். வயதானால் அப்படித்தான் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

"இருந்து என்ன பண்றது" என்று சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். உயிரை விடணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சொல்ல வழிதான் கிடைக்கும். ஆமாம் என்றால், பக்கத்தில் ஆள் வரும்வரை போனை வைக்காதீர்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767, தேசிய மனநல உதவி எண் 1771 இரண்டிலும் 24 மணி நேரமும் பேசலாம். உடனடி ஆபத்தென்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

வாரநாள்களில் பகலில் பேசத்தான் ஆள் குறைவு. உங்களுக்கு ஒத்துவரும் நாள், நேரம் இரண்டையும் கீழே எழுதுங்கள்.