மாரியில் திராட்சைப் பூங்கொத்து உதிர்கிறது: எந்த மாதத்தில் கத்தரிப்பது?

மட்டக்களப்பு மாவட்டக் களுவாஞ்சிகுடியின் மணல் நிலத்தில் மாமாவும் மனைவியும் நானும், வைனுக்கேற்ற பழம் எடுக்கும் ஆசையோடு, யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த இஸ்ரேல் புளூ திராட்சைக் கொடிகளைப் பந்தலிட்டு வளர்த்து வருகிறோம். வெயில் காலத்தில் கொடி செழிப்பாகவே நிற்கிறது. ஐப்பசியில் மழை தொடங்கியதும் இலையின் மேற்புறத்தில் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் புள்ளிகள் தோன்றுகின்றன. அதே இலையைத் திருப்பினால் அடியில் வெண்பூஞ்சை படிந்திருக்கிறது, பின்னர் பூங்கொத்துகளும் பழுப்பேறி உதிர்ந்துவிடுகின்றன. இது அடிச்சாம்பல் நோய் என்றே நினைக்கிறோம்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லியான போர்டோக் கலவை தெளித்தோம், மழை கழுவிவிட்டது. நெருங்கிய கிளைகளை நீக்கிக் காற்றோட்டம் கொடுத்தோம், தண்ணீரை வேரடிக்கு மட்டும் விட்டோம். கத்தரித்தபின் கொடி துளிர்த்துப் பூத்து, ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் முற்றுமென்பதால், மாரியில் பூ வராதபடி கத்தரிக்கும் காலத்தை மாற்றுவதே வழியென்று எனக்குப் படுகிறது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில் திராட்சை வளர்ப்பவர்களே, நீங்கள் எந்த மாதத்தில் கத்தரிக்கிறீர்கள்?