புதுப்பிப்பு: கன்டம் தொடரா, படங்களா?

'மொபைல் சூட் கன்டம்' என்ற 1979 ஜப்பானிய ராட்சத ரோபோ அனிமே தொடரின் 43 அத்தியாயங்களையும் பார்ப்பதா, 1981-82இல் அதைச் சுருக்கி வெளியிட்ட மூன்று படங்கள் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, இரண்டையும் பார்த்து முடித்துவிட்டேன். மூன்றாவது படம் அசத்தல்! தொடரின் கடைசிக் கட்டத்தில் உடம்பு முடியாமல் விலகியிருந்த கதாபாத்திர வடிவமைப்பாளர் யசுஹிகோ யொஷிகசு, படத்துக்காக நிறைய காட்சிகளைப் புதிதாக வரைந்திருக்கிறார், லாலா என்ற பெண் வரும் இடங்களில் முகங்களைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பொம்மை விற்பனைக்காகத் திணித்த ஜி-ஆர்மர் என்ற துணை இயந்திரத்தையும் தூக்கிவிட்டார்கள், நல்ல வேளை. ஆனால் 15ஆவது அத்தியாயம் படங்களில் இல்லவே இல்லை. போரை விட்டு ஓடிவந்து, பெற்றோரை இழந்த குழந்தைகளோடு தீவில் வாழும் டோவானின் ஸாகு ரோபோவை நாயகன் அமுரோ கடலில் தூக்கிப் போடுவான் பாருங்கள், எனக்கு மனசில் நின்றது அதுதான். சரி, முதலில் படங்களைப் பாருங்கள், அப்புறம் அந்த ஒரு அத்தியாயத்தையாவது தேடிப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.