ஜெனரேட்டரை மறுபடி ஓட்டினால் நான் எழுதிய நிரல் அழிந்துவிடுகிறது: உதவி தேவை

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் வணக்கம். ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) விவரங்களை யாமல் என்ற உரை வடிவக் கோப்பில் எழுதி, அதிலிருந்து நிரலைத் தானாக எழுதித் தரும் ஓபன்ஏபிஐ ஜெனரேட்டர் மூலம் ஸ்பிரிங் பூட் (ஜாவா சட்டகம்) பின்தளம் ஒன்றை உருவாக்கினேன். அது தந்த, கோரிக்கைகளைப் பெறும் ஆர்டர் கன்ட்ரோலர் கோப்புக்குள்ளேயே, ஆர்டரைத் தரவுத்தளத்தில் சேமிக்கும் நிரலை எழுதியிருந்தேன். நேற்று யாமலில் ‘டெலிவரி தேதி’ என்ற ஒரே ஒரு புலத்தைச் சேர்த்து ஜெனரேட்டரை மறுபடி ஓட்டியதும், கன்ட்ரோலர் பழைய வெற்றுக் கூடாகிவிட்டது. கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கருவி) கமிட் செய்திருந்ததால் மீட்டுவிட்டேன். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்படி மீட்டுக்கொண்டிருக்க முடியுமா?

மறுமொழி 1:
திட்டக் கோப்புறையில் உள்ள ‘.ஓபன்ஏபிஐ-ஜெனரேட்டர்-இக்னோர்’ கோப்பில் அந்தக் கன்ட்ரோலரின் பாதையைச் சேர்த்துவிடுங்கள். கிட்இக்னோர் போலவே அதுவும் செயல்படும்: அதில் குறித்த கோப்புகளை ஜெனரேட்டர் மேலெழுதாது.

மறுமொழி 2:
அதுவும் ஒரு வழிதான். ஆனால் ஜெனரேட்டர் எழுதும் கோப்பில் நாம் கை வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ‘டெலிகேட்பேட்டர்ன்’ அமைப்பை ட்ரூ என்று வைத்து ஓட்டுங்கள். கன்ட்ரோலர் தன் வேலையை ஒரு டெலிகேட் இன்டர்ஃபேஸிடம் (செய்ய வேண்டிய மெத்தடுகளை வரையறுக்கும் கோப்பு) ஒப்படைத்துவிடும். அதை இம்ப்ளிமென்ட் செய்யும் வகுப்பை நீங்கள் தனிக் கோப்பில் எழுதினால், ஜெனரேட்டர் அதைத் தொடாது.

கேள்வி கேட்டவர்:
அப்படியே செய்தேன், நன்றி. கம்பைல் ஆகிறது, சர்வரும் பிழையின்றி எழுகிறது. ஆனால் எந்தக் கோரிக்கை அனுப்பினாலும் 501 என்றே பதில் வருகிறது. என் வகுப்பின் மேல், ஸ்பிரிங் அதை அடையாளம் காண உதவும் சர்வீஸ் அன்னோடேஷனும் இருக்கிறது.

மறுமொழி 2:
உங்கள் வகுப்பு எந்தப் பேக்கேஜில் (வகுப்புகளின் தொகுப்பு) இருக்கிறது என்று பாருங்கள். ஜெனரேட்டர் தரும் முதன்மை வகுப்பு, நீங்கள் மாற்றாதவரை, ‘ஆர்க்.ஓபன்ஏபிஐடூல்ஸ்’ என்ற பேக்கேஜையும் அதற்குள் இருப்பவற்றையும் மட்டுமே ஸ்கேன் செய்யும். வெளியே இருக்கும் வகுப்பை ஸ்பிரிங் காணாது. டெலிகேட் கிடைக்காவிட்டால் கன்ட்ரோலர் பிழை எதுவும் எழுப்பாமல், இன்டர்ஃபேஸில் உள்ள இயல்பு மெத்தடை அழைக்கும். அந்த மெத்தட் திருப்பித் தருவதுதான் 501, அதாவது ‘இன்னும் செயல்படுத்தப்படவில்லை’. லாகில் எதுவும் தெரியாததால் இதைக் கண்டுபிடிக்க நானும் ஒருமுறை அரை நாள் தவித்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
காரணம் அதுவேதான். காம்பொனென்ட் ஸ்கேனில் என் பேக்கேஜைச் சேர்த்ததும் 201, அதாவது ‘உருவாக்கப்பட்டது’ என்ற பதில் வந்தது. பிறகு யாமலில் இன்னொரு புலத்தைச் சேர்த்து ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தேன். என் வகுப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. முதன்மை வகுப்பில் நான் சேர்த்த அந்த ஸ்கேன் வரி மட்டும் அழிந்துபோனது. அந்தக் கோப்பை இக்னோரில் சேர்த்துவிட்டேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.