தண்ணீர் ஊற்றியும் கள்ளி சுருங்குகிறது, தொட்டி மாற்றியதில் கோளாறா?

மாடிமுள்: வணக்கம். போன மாதம் என்னிடமுள்ள முள்செடிகள், சதைப்பற்றுச் செடிகள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தொட்டி மாற்றினேன். ஆற்றுமணல், பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக்கல் துகள்), கொஞ்சம் மண்புழு உரம் கலந்த கலவை. எச்செவேரியா, ஹவொர்த்தியா போன்ற சதைப்பற்றுச் செடிகள் எல்லாம் ஜோராக இருக்கின்றன. மாமில்லேரியா என்ற உருண்டைக் கள்ளிகளில் சில மட்டும் வற்றிப்போய், தொட்டால் ஆடுகின்றன. தண்ணீர் ஊற்றினாலும் உப்பவில்லை. அடிப்பகுதி வேறு பழுப்பாக இருக்கிறது. அழுகலா?

பச்சைப்பை: தண்ணி அதிகம்தான். ஒரு மாசம் ஊத்தாதீங்க, சரியாகிடும்.

வேர்பார்: அவசரப்படாதீங்க. அழுகல்னா அடி மெத்துனு அமுங்கும், நாறும். பழுப்பு காய்ஞ்சு, கெட்டியா, சொரசொரன்னு இருந்தா அது வயசான செடிக்கு வர்ற பட்டை, விட்டுடுங்க. சுருங்கவும் செய்யுது, ஆடவும் செய்யுதுன்னா வேர் தண்ணியை இழுக்கலைன்னு அர்த்தம். பழைய மண்ணை உதிர்த்துட்டு நட்டீங்களா, வேரைச் சுத்தின மண் உருண்டையோட அப்படியே இறக்கினீங்களா? அந்தப் பழைய மண்ணில கோகோபீட் (தேங்காய்நார்த் தூள்) இருந்தா, ஒருதடவை நல்லா காய்ஞ்சதும் லேசில் நனையாது. ஊத்துற தண்ணி சுத்தியிருக்கிற மணல் வழியா ஓடிடும். ஒண்ணைப் பிடுங்கிப் பாருங்க. செய்தித்தாளைப் பட்டையா மடிச்சு, செடியைச் சுத்திப் பிடிச்சா முள் ஏறாது.

மாடிமுள்: உருண்டையோடுதான் இறக்கினேன். இப்போது உடைத்தால் உள்ளே ஈரமே இல்லை! வேரில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள், தொட்டியின் உள்சுவரிலும் மாவு படிந்தாற்போல. பெர்லைட்டா?

வேர்பார்: நசுக்குங்க. பெர்லைட் நறநறக்கும். பிசுபிசுன்னு இழுகினா வேர் மாவுப்பூச்சி.

மாடிமுள்: இழுகுது 😢

வேர்பார்: அப்போ பழைய மண் துளிகூட வேண்டாம். பையில கட்டிக் குப்பையில போடுங்க, வேற செடிக்குப் போட்டுடாதீங்க. வேரைக் குழாய்த் தண்ணியில கழுவி, செத்த வேரை வெட்டி, நிழல்ல ஒரு வாரம் காயவிடுங்க. அதே தொட்டிதான்னா சுடுதண்ணி ஊத்தித் தேய்க்கணும். காய்ஞ்ச கலவையில நட்டு, இன்னொரு வாரம் கழிச்சுத் தண்ணி. தொட்டி செடியைவிட ஒரு விரலகலம் பெரிசா இருந்தாப் போதும். பெரிய தொட்டியில ஈரம் தங்கும், அதை உறிஞ்ச வேர் இருக்காது.

சரளை: எறும்பு ஓடுதான்னும் பாருங்க. மாவுப்பூச்சி கசியவிடுற இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், செடிக்குச் செடி தூக்கிட்டும் போகும். பக்கத்துத் தொட்டிகளையும் சந்தேகப்படணும், ஜோரா இருக்கிற ஹவொர்த்தியா உட்பட.

பச்சைப்பை: சரி, வேர் விஷயம் ஒத்துக்கிறேன். அடியில கூழாங்கல் போட்டா வடிகால் நல்லா இருக்குமே?

வேர்பார்: இருக்காது. மண்ணோட அடிவிளிம்பில எப்பவும் ஒரு ஈர அடுக்கு நிக்கும். கல் போட்டா அந்த அடுக்கு வேர்ப்பக்கம் மேலே ஏறிடும். கல்லைக் கலவையிலேயே கலந்துடுங்க.

மாடிமுள்: யுஃபோர்பியா என்ற பால்கள்ளி வகையும் சில இருக்கின்றன. அதையும் இப்படியே வெட்டலாமா?

சரளை: வெட்டலாம். ஆனா பால் வடியும், கண்ணில் பட்டா ஆபத்து. கையுறை, கண்ணாடி ரெண்டும் போட்டுக்கோங்க. வெட்டின இடத்தில தண்ணி தெளிச்சா பால் சீக்கிரம் நிக்கும். மத்ததெல்லாம் வேர்பார் சொன்ன முறைதான்.