கையால ஓடவிட்டா ஓடுது, க்ரோன்ல போட்டா ஓடேல்ல. பக்கப் ஸ்கிரிப்ட் தெரிஞ்ச ஆக்கள் ஒருக்காச் சொல்லுங்கோ

பரந்தன்_பெடியன்:
வணக்கம் அண்ணாமார் அக்காமார். நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி மில்லில கணக்குப் பகுதியில வேலை, கொம்பியூட்டர் கொஞ்சம் தெரியும் எண்டதால சேர்வரும் என்ர தலையிலதான். சேர்வர் எண்டா பெரிசா நினைக்காதேங்கோ, பழைய டவர் மெசின் ஒண்டு, உபுண்டு லினக்ஸ் போட்டு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஓடுது. லொறி நிறுக்கிற தராசு பில், நெல்லு வாங்கின கணக்கு, கமக்காரருக்குக் குடுத்த காசு எல்லாம் அதுக்குள்ளதான். விண்டோஸ் மெசின் அஞ்சாறு ஷெயார் போல்டருக்கு பில்லை ஸ்கான் பண்ணிப் போடும்.

ஒவ்வொரு நாள் பின்னேரமும் டேட்டாபேசை டம்ப் எடுத்து (முழுக்க ஒரு பைலாக்கி) ஜிசிப் பண்ணி (சுருக்கி) யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு ஏத்தி, பழைய ஸ்கானுகளைப் பார்த்து அழிச்சு, டிஸ்க்கில இடம் கிடக்கோ எண்டு பார்த்துப்போட்டுத்தான் வீட்டை போறது. காலபோக (பெரும்போக நெல்லு) அறுவடை தொடங்கினா வாசலில லொறி வரிசையா நிக்கும், அந்த நேரம் இதுக்கு எங்க நேரம். அதான் ஸ்கிரிப்ட் எழுதித் தானா ஓட விடுவம் எண்டு பார்த்தன். கொமாண்டைக் கையால அடிச்சா வடிவா வேலை செய்யுது, குறிச்ச நேரத்துக்கு வேலையைத் தானா ஓட்டுற க்ரோன்ல இரவு 11 மணிக்குப் போட்டா ஒண்டும் நடக்கேல்ல, எரரும் இல்ல. இரவில முதலாளி மின்னலுக்குப் பயந்து மெயின் சுவிட்சை அமத்திப்போட்டுத்தான் போறவர், அதால ஓடேல்லையோ எண்டு நினைச்சு ஒருநாள் கேட்டு ஓனிலேயே விட்டுப் பார்த்தன், அப்பவும் இல்ல. கூட்டாளி ஒருத்தன் பைத்தன் படி எண்டுறான், இன்னொருத்தன் பவர்ஷெல் இப்ப லினக்ஸிலயும் ஓடும் அதைப் பிடி எண்டுறான். எனக்குத் தலை சுத்துது.

ஏ9_ஓரம்:
பைத்தனும் வேண்டாம் பவர்ஷெல்லும் வேண்டாம், நாலு கொமாண்டை வரிசையா ஓட விடுறதுக்கு உபுண்டுவோட வாற பாஷ் ஷெல் காணும். க்ரோன்ல போட்ட வரியை அப்பிடியே இஞ்ச போடுங்கோ, அதைப் பார்க்காம ஆளாளுக்கு ஊகம் சொல்லிக்கொண்டு இருப்பினம்.

பரந்தன்_பெடியன்:
போன்ல இருந்து அடிக்கிறன் அண்ணா, அதால தமிழிலயே எழுதுறன். மைஎஸ்கியூஎல்டம்ப், பிறகு பைப் (ஒரு கொமாண்டின்ர அவுட்புட்டை அடுத்ததுக்குக் குடுக்கிற குறி) போட்டு ஜிசிப், பிறகு பைலுக்குள்ள எழுத 'விடப் பெரிது' குறி போட்டு பைல் பேர். ஒவ்வொரு நாளும் வேற பேர் வரட்டும் எண்டு பைல் பேருக்குள்ள டேட் கொமாண்டைப் போட்டு பிளஸ் பெர்சன்ட் எஃப் எண்டு குடுத்திருக்கிறன். எல்லாம் ஒரே வரி.

ஏ9_ஓரம்:
பிடிபட்டுது. அந்த பெர்சன்ட் குறிதான் கள்ளன். க்ரோன் வரிக்குள்ள பெர்சன்ட் குறி வந்தா க்ரோன் அதைப் புது வரி எண்டுதான் எடுக்கும், குறிக்கு முன்னுக்கு இருக்கிறதை மட்டும் கொமாண்டா ஓட்டும், மிச்சத்தை அந்தக் கொமாண்டுக்கு இன்புட்டாக் குடுத்திடும். டேட்டுக்குத் திறந்த அடைப்பு மூடாமலே நிண்டா ஷெல் எரர் அடிக்கும்தானே. அந்த எரரை க்ரோன் மெயிலில அனுப்பப் பார்க்கும், உங்கட மெசினில மெயில் சேர்வர் போட்டிருக்க மாட்டியள், அப்ப அதைத் தூக்கி எறிஞ்சிடும். சிஸ்டத்தின்ர பதிவு பைலான சிஸ்லொக்கைத் திறந்து பாருங்கோ, எம்டிஏ (மெயில் அனுப்புற சொப்ட்வெயார்) இல்ல, அவுட்புட்டை விட்டிட்டன் எண்டு ஒரு வரி கிடக்கும். குறிக்கு முன்னால பின்சாய்வுக் கோடு போட்டாலும் சரிவரும், ஆனா அப்பிடிச் செய்யாதேங்கோ. எல்லாத்தையும் ஒரு ஸ்கிரிப்ட் பைலுக்குள்ள எழுதி, க்ரோன் வரியில அந்த பைலின்ர முழுப் பாதையையும் மட்டும் குடுங்கோ. பாதைகளையும் ஸ்கிரிப்டுக்குள்ள முழுசா எழுதுங்கோ, ஏனெண்டா உங்கட டேர்மினலுக்குத் தெரியிற பாத் எல்லாம் க்ரோனுக்குத் தெரியாது. நோட்பாட்டில எழுதிக் கொப்பி பண்ணினா வரி முடிவில விண்டோஸின்ர எழுத்து ஒட்டிக்கொண்டு வந்து இன்னொரு கரைச்சல் தரும், உபுண்டுவிலயே நானோ எண்ட எடிட்டரில எழுதுங்கோ.

குளக்கட்டு:
தம்பி, ஓட வைக்கிறது சின்ன விசயம், ஓடினது சரியோ எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? உங்கட வரியையே எடுங்கோ, டம்ப் பைப் ஜிசிப். நாளைக்கு ஆரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்ட்டை மாத்தினா டம்ப் பிழைக்கும், ஆனா ஜிசிப் பிழைக்காது, அது வெறுமையைச் சுருக்கி 20 பைட்டில ஒரு பைல் செய்து வைக்கும், முழு வரிக்கும் வெற்றி எண்டு பூச்சியம்தான் திரும்பி வரும், பைப்பில கடைசிக் கொமாண்டின்ர முடிவைத்தானே பாஷ் பார்க்கிறது. பைல் பேரும் இருக்கும் திகதியும் இருக்கும், உள்ளுக்க மட்டும் ஒண்டும் இராது. அதால ஸ்கிரிப்டின்ர தலையிலயே செற் மைனஸ் ஈ, மைனஸ் யூ, மைனஸ் ஓ பைப்பெயில் போடுங்கோ. ஈ எண்டா ஒண்டு பிழைச்சா அதிலயே நிக்கும், யூ எண்டா மதிப்புக் குடுக்காத வேரியபிளைத் தொட்டாலே நிக்கும், பைப்பெயில் நான் மேல சொன்னதுக்கு. பிறகு பைலின்ர அளவைப் பார்த்து நேற்றையதின்ர பாதிக்குக் கீழ எண்டா கத்தச் சொல்லுங்கோ. டேபிள் எல்லாம் இன்னோடிபி வகை எண்டா டம்புக்கு சிங்கிள் ட்ரான்சாக்சன் எண்ட ஒப்சனையும் குடுங்கோ, தராசில ஆள் பில் போட்டுக்கொண்டு நிண்டாலும் கணக்குக் குழம்பாது.

புரோகிராம் கோட் வைக்கிற தளமான கிற்லாபுக்கு 2017 தை 31 நடந்ததைத் தேடி வாசிச்சுப் பாருங்கோ. அங்க இரவில வேலை செய்துகொண்டிருந்த ஒருத்தர் பிழையான சேர்வரில நிண்டு டேட்டா போல்டரை அழிச்சிட்டார். பக்கப்பைத் தேடினா அது வெறுமை, டம்ப் எடுக்கிற கொமாண்டின்ர வேர்சனும் டேட்டாபேஸின்ர வேர்சனும் வேற வேற எண்டதால ஒவ்வொரு முறையும் பிழைச்சுக்கொண்டுதான் இருந்திருக்கு. பிழைச்சதுக்கு மெயிலும் போயிருக்கு, ஆனா அந்த மெயிலைச் சேர்வர் ஏற்கேல்ல. தற்செயலா ஆறு மணித்தியாலத்துக்கு முதல் எடுத்து வைச்ச ஒரு ஸ்னாப்சொட் (டிஸ்க்கின்ர அந்த நேரத்துப் பிரதி)தான் காப்பாத்தினது. அவ்வளவு பேர் வேலை செய்யிற இடத்திலயே அப்பிடி எண்டா, தனி ஆளா நிக்கிற நீங்கள் ஸ்கிரிப்ட் முடிஞ்சதும் டெலிகிராமில ஒரு மெசேஜ் வர வைக்கிறதில வெக்கப்பட ஒண்டுமில்ல, ஒரு பொட் (தானா மெசேஜ் அனுப்புற கணக்கு) செய்து கேர்ல் எண்ட கொமாண்டில ஒரு வரி காணும். பிழைச்சா மட்டும் அனுப்பு எண்டு வைக்காதேங்கோ. மெசினே ஓஃப் எண்டா பிழை எண்டு சொல்லவும் ஆளில்லத்தானே. சரியா முடிஞ்சாலும் மெசேஜ் வரட்டும், வராத நாள் எழும்பிப் போய்ப் பாருங்கோ.

முறிகண்டி_கச்சான்:
ஏன் இவ்வளவு பாடு? கூகிள் ட்ரைவுக்கு ஆர்குளோன் எண்ட சொப்ட்வெயாரால ஏத்தி விட்டா முடிஞ்சுது. இன்டர்நெட் பக்கேஜில வாற இரவு டேட்டா சும்மாதானே கிடக்கு.

குளக்கட்டு:
இரவு டேட்டா இருக்கு, இரவில மெயின் ஓஃப் எண்டு பெடியன் மேல எழுதியிருக்கிறார், கச்சான் கொறிச்சுக்கொண்டு வாசிச்சனீங்களோ 😄 ஆனா ஆர்குளோன் நல்ல யோசனைதான், மறுக்கேல்ல. மில்லுக்கு நெருப்புப் பிடிச்சாலோ கள்ளன் வந்தாலோ சேர்வரோட யூஎஸ்பி டிஸ்க்கும் சேர்ந்துதான் போகும், வெளியில ஒரு பிரதி இருக்கத்தான் வேணும். டம்ப் சுருக்கினா சின்னன், அதைப் பகலிலயே ஏத்தலாம். ஏத்த முதல் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுங்கோ, கமக்காரரின்ர பாங்க் விபரமும் அதுக்குள்ள இருக்கும். ஸ்கானுகள் பெரிசு, அதுகள் யூஎஸ்பியில கிடக்கட்டும்.

ஏ9_ஓரம்:
இரவு ஓஃப் பிரச்சினைக்கு அனாக்ரோன் இருக்கு. தவறின வேலையை அடுத்த நாள் மெசின் எழும்பினாப் பிறகு அது ஓட்டும். ஸ்கிரிப்டை க்ரோன் டொட் டெய்லி போல்டருக்குள்ள போட்டா காணும், ஆனா பைல் பேரில டொட் வரக் கூடாது. பக்கப் டொட் எஸ்எச் எண்டு வைச்சா உபுண்டு அதை ஒரு சத்தமும் இல்லாமத் தாண்டிப் போயிடும், வெறும் பக்கப் எண்டு வையுங்கோ.

குளக்கட்டு:
எனக்கெண்டா அனாக்ரோன் இஞ்ச சரிவராது எண்டுதான் படுது. காலமை மில் திறக்கேக்க முதல் பத்து நிமிசத்தில எல்லாரும் மெசினைப் போட்டு லொகின் பண்ணுவினம், அந்த நேரம் பார்த்து யூஎஸ்பிக்கு ஏத்தினா தராசடியில இருக்கிறவர் மெசின் இழுக்குது எண்டு சத்தம் போடுவார். மத்தியானம் 12.30க்கு ஒருக்கா, பின்னேரம் 5 மணிக்கு ஒருக்கா ஓட விடுங்கோ, சிங்கிள் ட்ரான்சாக்சன் போட்டா ஆக்கள் வேலை செய்தாலும் பரவாயில்ல. 12.30க்குத் தொடங்கினது முடியாம இழுத்துக்கொண்டு நிண்டா மற்றது அதோட முட்டாம எஃப்லொக் எண்ட கொமாண்டுக்குள்ள வைச்சு ஓட்டுங்கோ.

இனி அழிக்கிற பகுதி. உதிலதான் எனக்குப் பயம். 2015 தையில, கேம் விக்கிற ஸ்டீமின்ர லினக்ஸ் ஸ்கிரிப்டில, போல்டர் பேர் இருக்க வேண்டிய வேரியபிள் வெறுமையாப் போய், ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் எண்ட அழிக்கிற கொமாண்ட் அதுக்குப் பின்னால நிண்ட சாய்வுக் கோட்டில (லினக்ஸில எல்லா போல்டருக்கும் வேர் அதுதான்) இருந்து பிடிச்சு ஆக்களின்ர முழுப் பைலையும் அழிச்சது. அதால பழைய ஸ்கானை அழிக்க பைல் தேடுற ஃபைண்ட் கொமாண்டைத்தான் எடுங்கோ, போல்டரின்ர முழுப் பாதை, எம்டைம் (பைல் கடைசியா மாறின நேரம்) பிளஸ் எத்தனை நாள் எண்டு குடுத்து, கடைசியில டிலீட் போடாம பிரிண்ட் போட்டு ஒரு கிழமை ஓட விடுங்கோ. அது காட்டுற பட்டியலைப் பார்த்து மனம் ஒத்துக்கொண்டாப் பிறகு டிலீட்டுக்கு மாத்துங்கோ. வேரியபிள் எல்லாத்துக்கும் மேற்கோள் குறி போடுங்கோ, உங்கட ஆக்கள் பைலுக்கு "காலபோகம் பில் புதுசு" எண்டு இடைவெளி விட்டுத்தானே பேர் வைப்பினம். எழுதி முடிஞ்சதும் ஷெல்செக்கில ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ, மேற்கோள் விட்ட இடமெல்லாம் அது காட்டித் தரும்.

யூஎஸ்பி டிஸ்க் செருகி இருக்கோ எண்டு மவுண்ட்பொயின்ட் கொமாண்டால முதல் பார்க்க வைக்கிறதும் முக்கியம். ஆரும் வயரைக் கழட்டிப்போட்டு போன் சார்ஜ் போட்டா, ஸ்கிரிப்ட் அதே பேரில இருக்கிற வெறும் போல்டருக்குள்ள ஏத்தி ஏத்தி சேர்வரின்ர டிஸ்க்கையே நிரப்பிப்போடும். பைலுகளைப் பிரதி பண்ண ஆர்சிங்க் பாவிக்கிறியள் எண்டா டிலீட் ஒப்சனோட ஓட்ட முதல் மைனஸ் என் போட்டு ஒத்திகை பாருங்கோ. மாதத்துக்கு ஒருக்கா டம்பை வேற மெசினில ஏத்தி, போன கிழமை நிறுத்த ஒரு லொறியின்ர பில்லைத் தேடிப் பாருங்கோ. அது கிடைக்காட்டி நீங்கள் எடுக்கிறது பக்கப்பே இல்ல.

பழைய_மணிக்கூடு:
ரைம்சோனை ஒருத்தரும் கேக்கேல்ல. சேர்வர் யூரிசியில (உலகப் பொது நேரம், எங்கட நேரத்துக்கு ஐஞ்சரை மணித்தியாலம் பின்னுக்கு) நிண்டா நீர் 11 மணி எண்டு போட்டது எங்கட நேரத்துக்கு விடிய 4.30க்குத்தான் வரும். அப்ப நீர் ஓனில விட்ட நாளும் மெசின் காலமை வரைக்கும் ஓனில நிண்டதோ? ரைம்டேற்சிரிஎல் அடிச்சுப் பாரும், ஏசியா கொழும்பு எண்டு வர வேணும். மாத்தினா க்ரோனையும் ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிவிடும், இல்லாட்டி அது பழைய நேரத்திலேயே நிக்கும். 1996ல கொழும்பு நேரத்தை முன்னுக்குத் தள்ளேக்க புலியளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னி தள்ளேல்ல, பழைய நேரம் புது நேரம் எண்டு ரெண்டு இருந்தது, வன்னியில இருந்து ஓமந்தை தாண்டித் தெற்கால போறவை மணிக்கூட்டில அரை மணித்தியாலம் கூட்டிக்கொண்டு போறது. 2006 சித்திரையிலதான் எல்லாம் திரும்ப ஐஞ்சரைக்கு வந்தது. அதுக்குப் பிறகு எந்த மெசினைத் தொட்டாலும் நான் முதல் பார்க்கிறது நேரம்தான்.

பரந்தன்_பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. சிஸ்லொக்கில ஏ9 அண்ணா சொன்ன அதே வரி கிடந்தது. ரைம்சோனும் ஐயா சொன்ன மாதிரி யூரிசிதான், மாத்தியாச்சு. ஸ்கிரிப்ட் தனி பைலாக்கி 12.30க்கும் 5க்கும் போட்டிட்டன், ரெண்டும் ஓடி டெலிகிராமுக்கும் மெசேஜ் வந்தது. ஃபைண்ட் இப்ப பிரிண்ட்டோட மட்டும் நிக்குது குளக்கட்டு அக்கா. முதல் பட்டியலிலயே முதலாளியின்ர காணி உறுதி ஸ்கான் ஒண்டு வந்து நிண்டுது, ஆரோ பில் போல்டருக்குள்ள போட்டிருக்கினம் 😅 அதை வேற இடத்துக்கு மாத்தியாச்சு.

கடைசியா ஒண்டு. கறண்ட் போனா யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் பிடிக்கும், அதுக்குள்ள சேர்வர் தானா ஷட்டவுன் ஆக ஸ்கிரிப்ட் எழுதலாமோ? யூபிஎஸ் மலிவானது, யூஎஸ்பி வயர் குத்த இடம் இல்ல.

பழைய_மணிக்கூடு:
யூஎஸ்பி இருந்தா நட் எண்டு ஒரு சொப்ட்வெயார் இருக்கு, பற்றரி இறங்கினா அதுவே அணைச்சுவிடும். இல்லையெண்டா சுத்து வழிதான். யூபிஎஸ்ல குத்தாத, நேரா மெயினில நிக்கிற சாமான் ரெண்டைப் பிடியும், தராசடி மெசினும் பிரிண்டரும் எண்டு வையுமன். ரவுட்டரும் சுவிட்சும் யூபிஎஸ்லதான் இருக்க வேணும். நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டையும் பிங் பண்ணுற ஸ்கிரிப்ட் ஒண்டு, தொடர்ந்து நாலு நிமிசம் ரெண்டுமே பதில் சொல்லாட்டி ஷட்டவுன். ஒண்டை மட்டும் நம்பினா ஆரும் மெசினை ஓஃப் பண்ணேக்க சேர்வரும் சேர்ந்து படுத்திடும். 5 மணிக்குப் பிறகு எல்லாத்தையும் அமத்திப்போட்டுப் போவினம், அதால வேலை நேரத்தில மட்டும் ஓட விடும், பக்கப் ஓடிக்கொண்டிருக்கிற நேரம் எண்டா எஃப்லொக் பைலைப் பார்த்து அது முடியும் வரை பொறுக்கச் சொல்லும். பயோஸுக்குள்ள போய் கறண்ட் திரும்ப வந்தா ஓனாகு எண்டதையும் மாத்தி விடும், இல்லாட்டி ஆரோ ஒருத்தர் போய்ப் பட்டனை அமத்துற வரைக்கும் தராசடியில லொறி நிக்கும்.