பழைய கடல் ரீல்களுக்கு மறுவாழ்வு கொடுத்தவர்கள் எழுதுங்கள்

நெடுந்தூண்டில் (சான் டியாகோ)

இங்கே வார இறுதிப் பழம்பொருள் சந்தைகளுக்குப் போனால் பென் நிறுவனத்தின் பழைய மீன்பிடித் தூண்டில் ரீல்கள் கண்ணில் படாமல் இருக்காது. தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் தானே சுழன்று நரம்பை விடுகிற கன்வென்ஷனல் வகை. செனட்டர், ஜிக்மாஸ்டர், ஸ்குவிடர், லாங் பீச் என்று எல்லா மாடல்களும் கலந்து கிடக்கும். விளிம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், கைப்பிடி அசையாது. அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று விற்பவரே சொல்வார். அவற்றில் பெரும்பாலானவை மறுபடியும் கடலுக்குப் போகத் தகுதியானவை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் கடைசியாகப் பிரித்தது சிவப்புப் பக்கத் தட்டுகள் கொண்ட செனட்டர் 113 எச். செனட்டர் வரிசை 1936இல் வந்தது. ஓட்டோ ஹென்ஸே 1932இல் பிலடெல்பியாவில் தொடங்கிய நிறுவனம் அது. உள்ளே இருப்பவை பித்தளையும் வெண்கலமும் எஃகும். எல்லாமே திருகாணியால் பிடிக்கப்பட்டவை. வீட்டு மேசையில் உட்கார்ந்து கழற்றிவிடலாம்.

அவசரம் மட்டும் கூடாது. உப்பு இறுகிய திருகாணியில் கிடைத்த ஸ்குரூடிரைவரை வைத்துத் திருகினால் அதன் தலைக் காடி சிதைந்துவிடும். பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். காடியின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் பொருந்துகிற, நுனி இணையாகத் தேய்த்த ஸ்குரூடிரைவர் வேண்டும். துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வைத்துவிடுங்கள். மறுநாளும் அசையவில்லை என்றால் இன்னோர் இரவு வையுங்கள். பக்கத் தட்டு பேக்லைட் என்பதால் சூடு காட்டுவதிலும் நிதானம் தேவை.

களிம்புக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்த கரைசல் போதும். பித்தளை உறுப்புகளைச் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, முழுவதும் உலர்த்துங்கள். அலுமினிய உறுப்பு எதையும் அதில் போடாதீர்கள். அனோடைஸ் எனப்படும் பாதுகாப்புப் பூச்சு போய்விடும். குரோமியப் பூச்சு ஏற்கெனவே உரிந்த இடங்களில் அடியில் இருக்கிற பித்தளை தெரியும். அதை மறைக்க முயலாமல் விட்டுவிடுவதே என் வழக்கம்.

இனி டிராக். மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் அமைப்பு. பெரிய பல்சக்கரத்தின் குழிக்குள் உராய்வு வாஷரும் உலோக வாஷரும் மாறி மாறி அடுக்கியிருக்கும். உலோக வாஷர்களில் ஒன்று சக்கரத்தோடு சுழலும், அடுத்தது கைப்பிடித் தண்டான ஸ்லீவோடு நிற்கும். மேலே உள்ள நட்சத்திரத்தைத் திருகினால் அடுக்கு முழுவதும் நெருக்குப்படும். பழைய வாஷர்கள் தோல் அல்லது நார். காய்ந்து இறுகிவிட்டதால் மீன் முதலில் இழுக்கும்போது பிடித்துக்கொண்டு, பிறகு சட்டென்று விடும். அந்தக் குலுக்கலில்தான் நரம்பு அறுகிறது. அவற்றுக்குப் பதிலாகக் கார்பன் நார் வாஷர்கள் வைத்து, டிராக்குக்கென்றே விற்கும் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவினால் இழுப்பு தொடக்கத்திலிருந்தே ஒரே சீராக இருக்கும். ஓர் எச்சரிக்கை: பழைய நார் வாஷர்களில் கல்நார் இருக்கக்கூடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஈரத்துணியில் எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. பலர் கார்பன் வாஷரை மட்டும் மாற்றிவிட்டு, நட்சத்திரத்தை இறுக்கி, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். டிராக் பலமானால் அந்தச் சுமை வேறு உறுப்புகளுக்குப் போகிறது. கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுப்பது டாக் எனப்படும் சிறு தடுப்பு நாக்கு. இந்தப் பழைய ரீல்களில் பெரும்பாலும் அது ஒன்றே ஒன்றுதான். மீனின் முழு இழுப்பும் அதன் முனையில் வந்து நிற்கிறது. அது வழுக்கினால் கைப்பிடி பின்னோக்கி வேகமாகச் சுழன்று விரலை முறித்துவிடும். அடுத்து ஸ்லீவ். உலோக வாஷர்களும் கைப்பிடியும் உட்காரும் அதன் தட்டையான முகங்கள் மென்மையான உலோகமாக இருந்தால் நாளடைவில் உருண்டுவிடும். அதற்கும் அடுத்து பற்கள். ஒரு பலவீனத்தை நீக்கினால் அடுத்த பலவீனம் தெரியவரும்.

அதனால் என் வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ். பிறகு இரண்டு டாக் பொருத்தக்கூடிய பிரிட்ஜ், அதாவது பெரிய பல்சக்கரத்தைத் தாங்கும் தட்டு. அதன் பின் எஃகு கியர்கள். 113 எச்சுக்கு 4க்கு 1 விகிதம் தருகிற, அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூலை நான்கு முறை சுழற்றுகிற கியர்களும் இருக்கின்றன. கடைசியில்தான் டிராக்கைக் கூட்டுவேன். இத்தனையும் செய்தால் புது ரீலின் விலை வந்துவிடுமே என்று கேட்பார்கள். சில நேரம் வந்துவிடும்தான். எல்லா ரீலுக்கும் இது தேவையில்லை. 30 பவுண்டு தாங்கும் தங்கூசி (நைலான் நரம்பு) போட்டு யெல்லோடெயில் மீன் பிடிப்பவருக்குப் புது வாஷரும் சுத்தமான கிரீஸும் போதும். புளூஃபின் சூரைக்குப் போகிறவருக்கு முழு வரிசையும் வேண்டும்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். ஸ்பூல் நிறைந்திருக்கும்போது தராசு வைத்து 12 பவுண்டு இழுவைக்கு டிராக்கை அமைத்தீர்கள் என்று கொள்வோம். 40 பவுண்டு தங்கூசிக்கு அது சரியான அளவு. மீன் ஓடி ஓடி, ஸ்பூலில் நரம்பு சுற்றின் விட்டம் பாதியாகும்போது அதே இறுக்கம் 24 பவுண்டாகிவிடுகிறது. மீன் தூரம் போகப் போக நட்சத்திரத்தைத் தளர்த்த வேண்டும். இறுக்க வேண்டும் என்று கை துடிக்கும் நேரமும் அதுதான்.

நங்கூரம் (நியூ ஜெர்சி)

அண்ணன் படகிலிருந்து பார்க்கிறார். நான் கரையில் நின்று வீசுகிறவன். எனக்கு டிராக் இரண்டாம் பட்சம்தான்; ஸ்பூல் எவ்வளவு லேசாகச் சுழல்கிறது என்பதே முதல் கவலை.

இலையுதிர் காலத்தில் வரிக்கோட்டு பாஸ் மீன்கள் கரையோரமாக இறங்கி வரும்போது இந்தப் பக்கத்துக் கடற்கரைகளில் ஸ்குவிடர் 140ஐ இன்னும் பார்க்கலாம். பந்து பேரிங்குகளில் சுழலும் ஸ்பூல். ஒரு திருகைத் தளர்த்தித் தட்டைச் சற்றே திருப்பினால் ஸ்பூல் கையோடு வந்துவிடும். மணல் புகுந்துவிட்டால் கடற்கரையிலேயே திறந்து துடைத்துவிட்டுத் தொடர்ந்து வீசலாம். இந்தக் காலத்து ரீல்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

என்னிடம் வந்த ஸ்குவிடரில் பழைய பிளாஸ்டிக் ஸ்பூல் இருந்தது, பக்கச் சுவரில் கீறல் விட்டிருந்தது. அந்த ஸ்பூல்கள் லினன் நூல் காலத்துக்கானவை. நைலான் தங்கூசி அப்படியல்ல. இழுபட்டு நீண்ட நிலையிலேயே சுற்றிக்கொள்ளும், பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஒன்றாகச் சுருங்கும்போது ஸ்பூலின் நடுவை நெரித்து இரண்டு சுவர்களையும் வெளியே தள்ளுகின்றன. அலமாரியில் சும்மா வைத்த ரீலின் ஸ்பூல் கூடப் பிளந்துவிடுவது இதனால்தான். கனத்த குரோமிய ஸ்பூல் உடையாது, ஆனால் வீசுவதற்கு மோசம். ஒருமுறை வேகம் பிடித்தால் தூண்டில் எடை காற்றில் மெதுவான பிறகும் அது நிற்காது. நரம்பு மேலே பொங்கிச் சிக்கலாகிவிடும்.

அலுமினிய ஸ்பூல் இரண்டுக்கும் தீர்வு. கலிபோர்னியாவில் நியூவெல் நிறுவனம் தொடக்கத்தில் பெயர் வாங்கியதே பென் ரீல்களுக்கான அலுமினிய ஸ்பூல்களாலும் குறுக்குத் தண்டுகளாலும்தான். பழைய சரக்கு இன்னும் ஏலங்களில் கிடைக்கிறது. அதைப் பொருத்தி, பேரிங்குகளைக் கரைப்பானில் கழுவி, பழைய கிரீஸ் முழுவதையும் எடுத்துவிட்டு, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். விரலால் சுண்டினால் ஸ்பூல் நெடுநேரம் சத்தமில்லாமல் சுழல்கிறது.

பின்னல் நூல் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை நேரடியாக வழுவழுப்பான உலோக ஸ்பூலில் கட்டாதீர்கள். முடிச்சு இறுகியே இருக்கும், ஆனால் மொத்தச் சுற்றும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைப் பிரித்துப் பார்ப்பீர்கள், அங்கே ஒரு குறையும் இருக்காது. அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றி, அதன் மேல் பின்னல் நூலைக் கட்டுங்கள்.

அவலான் (லாஸ் ஏஞ்சலஸ்)

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. எல்லாப் பழைய ரீலையும் மேம்படுத்தத்தான் வேண்டுமா?

எங்கள் கரைக்கு எதிரே கேட்டலினா தீவு. சார்லஸ் பிரெடரிக் ஹோல்டர் 1898இல் அங்கே 183 பவுண்டு புளூஃபின் சூரையைக் கோலும் ரீலும் கொண்டு பிடித்தார். அதே ஆண்டு அவலான் ஊரில் டூனா கிளப்பும் தொடங்கப்பட்டது. அன்றைய ரீலில் உள்டிராக் கிடையாது. மீன் ஓடினால் கைப்பிடியும் சேர்ந்து பின்னோக்கிச் சுழலும். ஸ்பூலின் மேல் ஒரு தோல் துண்டைப் பெருவிரலால் அழுத்தித்தான் மீனை நிறுத்தினார்கள். பாஷன் என்பவர் 1913இல் அதே கடலில் 358 பவுண்டு வாள்மீனைப் பிடித்தபோது கையில் இருந்தது உள்டிராக் வைத்த ரீல். புரூக்ளினில் ஜூலியஸ் வோம் ஹோஃபெ செய்தது. இன்று நாம் திருகுகிற நட்சத்திரத்தின் முன்னோடி அதுதான்.

ஒரு பழைய ரீல் கையில் வரும்போது அந்தக் காலத்தில் இந்த வேலை எப்படி நடந்தது என்பதற்கான சான்றும் சேர்ந்தே வருகிறது. வோம் ஹோஃபெ, காக்ஸ் போன்ற கைவேலை ரீல் கிடைத்தால் துளையிடாதீர்கள், மெருகேற்றாதீர்கள், கியர் மாற்றாதீர்கள். துடைத்து எண்ணெய் விட்டால் போதும். பென் செனட்டர் ஏராளமாக உருவாகி வந்தது, அதை மாற்றுவதில் இழப்பு இல்லை. அப்போதும்கூட எடுத்த மூல உறுப்புகளை ஒரு பையில் போட்டு ரீலோடு வையுங்கள். அடுத்து வாங்குபவர் பழையபடி பொருத்த விரும்பலாம். என் நண்பர் தன் தந்தையாரின் லாங் பீச் ரீலை ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் நன்றாகவே சரிசெய்து தந்தார். ஆனால் தந்தையார் கையால் பெயர் கீறியிருந்த பழைய தட்டைத் தூக்கி எறிந்துவிட்டார். நண்பர் அதை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

கரையோரன்

எனக்கு ஜிக்மாஸ்டர் 500 ஒன்று கிடைத்திருக்கிறது. கைப்பிடி சுழல்கிறது, ஆனால் சில நேரம் பின்னோக்கியும் போய்விடுகிறது. உறுப்புகள் எங்கே கிடைக்கும்? எங்கிருந்து தொடங்கலாம், அண்ணா?

நெடுந்தூண்டில்

அவலான் ஐயா, மூல உறுப்புகளைப் பையில் போட்டு வைப்பது பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்.

கரையோரன் தம்பி, நல்ல ரீல் கிடைத்திருக்கிறது, 4க்கு 1 விகிதம். உறுப்புகளுக்குக் கவலை வேண்டாம். பென் எண்களில் முதலில் வருவது உறுப்பு, பின்னால் வருவது அது எந்த மாடலுக்காக முதலில் செய்யப்பட்டது என்பது. 6-60 என்றால் லாங் பீச் 60க்கான டிராக் வாஷர். அதுவே உங்கள் ஜிக்மாஸ்டருக்கும் நங்கூரத்தின் ஸ்குவிடருக்கும் பொருந்தும். ஆகவே உடைந்த லாங் பீச் ஒன்றைச் சந்தையில் மலிவாகக் கண்டால் விடாதீர்கள்.

கைப்பிடி பின்னோக்கிப் போவதற்குக் காரணம் அநேகமாக டாக். அதை அழுத்தும் ஸ்பிரிங் துருவேறித் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் பழைய கிரீஸ் கெட்டியாகி டாக்கை அசையவிடாமல் பிடித்திருக்கும். ரீலை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் திறங்கள். அந்த ஸ்பிரிங் துள்ளி எங்காவது போய்விழும். ஒவ்வொரு அடுக்கையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள். டாக்கின் முனை வட்டமாகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அரம் வைத்துக் கூராக்க வேண்டாம். ஸ்பிரிங்கைப் பார்க்காமலே மாற்றுங்கள், மிகக் குறைந்த விலைதான்.

மீண்டும் பொருத்தும்போது பற்களுக்கும் தட்டின் உட்பக்கத்துக்கும் கடல் கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். உப்புநீர் உலோகத்தைத் தொடக்கூடாது. திருகாணி மரைகளுக்கும் பூசுங்கள். அலுமினியச் சட்டம் பொருத்தும் நாளில் இது இன்னும் முக்கியம், எஃகைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் உப்புநீரில் அரித்துப்போகும். டாக்குக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் மட்டும் கிரீஸ் வேண்டாம், எண்ணெய் போதும். பொருத்தி முடித்ததும் கைப்பிடியை மெதுவாகச் சுற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள். டிக், டிக் என்று ஒவ்வொரு பல்லிலும் டாக் விழும் ஓசை விடாமல் வர வேண்டும். ஒன்று தவறினாலும் மறுபடி திறந்து பார்த்துவிட்டு இங்கே படம் போடுங்கள்.