1962 டாப்ஸ் அட்டைகள்: பச்சை அச்சா, வெயில் பட்டதா?

டெட்ராய்ட்வாசி:
வணக்கம். பக்கத்துத் தெருவில் காலமான பெரியவர் ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்றபோது, ஒரு செருப்புப் பெட்டியை 40 டாலருக்கு வாங்கினேன். உள்ளே ஆட்டக்காரர்களின் படம் போட்ட 211 பேஸ்பால் அட்டைகள். எல்லாம் 1962இல் டாப்ஸ் நிறுவனம் சுவிங்கத்துடன் விற்றவை. மரப்பலகை போன்ற பழுப்பு ஓரமும், வலது கீழ் மூலையில் படம் சுருண்டு எழுவது போன்ற மடிப்பும் இருக்கின்றன.

என் சிக்கல் இதுதான். ஒரே எண்ணில் இரண்டிரண்டாக இருப்பவற்றில் ஆறு ஜோடிகளில் ஓர் அட்டை மட்டும் பச்சையாகத் தெரிகிறது. முகம் நோயாளியின் முகம்போல, வானம் பாசி பிடித்த குளம்போல இருக்கிறது. ஸ்கேன் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு கடையில் காட்டினேன். பெட்டியைத் திறந்த வேகத்திலேயே, "வெயில் பட்டு வெளுத்தவை, காசு பெறாது" என்று சொல்லி மூடிவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 150ஆம் எண், எங்கள் டெட்ராய்ட் அணியின் ஆல் கலைன், ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் பச்சையோ என்று சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய_அட்டை:
தம்பி, முதலில் அந்த ஆறு அட்டைகளின் பின்பக்க எண்களைச் சொல்லுங்கள். 1962 தொகுப்பில் மொத்தம் 598 எண்கள். அவை பகுதி பகுதியாகக் கடைக்கு வந்தன. பச்சைச் சாயல் இரண்டாம் பகுதியில் மட்டுமே உண்டு, அதாவது 110 முதல் 196 வரை. அந்தப் பகுதிக்குத் தட்டுப்பாடு வந்ததால் இன்னோர் அச்சகத்தில் மறுபடி அடித்தார்கள், அங்கே நிறம் பிசகிவிட்டது என்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் விளக்கம்.

டெட்ராய்ட்வாசி:
நன்றி ஐயா. ஐந்து ஜோடிகள் அந்த எல்லைக்குள் வருகின்றன. ஆறாவதன் எண் 212.

பழைய_அட்டை:
அப்படியானால் 212ஐத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அது வெயிலின் வேலை.

மற்ற ஐந்துக்கும் நிறத்தை நம்பாதீர்கள். ஸ்கேனர் தானாகவே நிறத்தைத் திருத்திவிடும். கைப்பேசி கேமராவோ அறை விளக்குக்கு ஏற்ப மாற்றும். இரண்டு அட்டைகளையும் ஒரே வெள்ளைத்தாளின்மேல் அருகருகே வைத்து, சன்னல் வெளிச்சத்தில் ஒரே படமாக எடுங்கள். அதைவிட முக்கியமானது, படம் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. பச்சை அச்சுக்குப் படங்களை மறுபடி பொருத்தியதால் பல அட்டைகளில் காட்சி சற்று இடம் மாறியிருக்கிறது. வழக்கமான அச்சில் ஓரத்தில் மறைந்துபோன தோளோ, மட்டையின் நுனியோ இதில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். வெயில் நிறத்தைத் தின்னும். ஆனால் படத்தை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாது.

சில எண்களில் ஆளின் தோற்றமே வேறு. 129 லீ வால்ஸ் ஒன்றில் இடப்பக்கம் பார்ப்பார், மற்றொன்றில் வலப்பக்கம். 174 கார்ல் வில்லி தொப்பியுடனும் உண்டு, தொப்பி இல்லாமலும் உண்டு. 190 வாலி மூனுக்கு முகப்படம் ஒன்று, மட்டை பிடித்த படம் ஒன்று. உங்கள் பெட்டியில் இவை இருந்தால் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

லென்ஸ்_காரர்:
நானும் ஒன்று சேர்க்கிறேன். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கன்னத்தின்மேல் வைத்தால் தோல் நிறம் மறைந்து, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வட்ட வட்டமாக நிற்பது தெரியும். வெயில் பட்ட அட்டையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் சோர்ந்துபோகும். அதே வெயில் ஓரத்துப் பழுப்பையும் விடாது. ஆகவே ஓரம் செழுமையாக இருந்து படம் மட்டும் பச்சையாக இருந்தால் அது அச்சின் குணம். லென்ஸ் கையில் இருக்கும்போதே எழுத்துகளையும் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து திட்டமான மை. எழுத்தே புள்ளிகளால் ஆனதாக இருந்தால் அது பிற்காலத்தில் நகலெடுத்தது. தயவுசெய்து பஞ்சால் துடைக்காதீர்கள், எந்தத் திரவமும் வேண்டாம்.

நடுவில்_ஒரு_கேள்வி:
மன்னிக்கவும், இதே போன்றதுதான் என்பதால் இங்கேயே கேட்கிறேன். என்னிடம் 1969 டாப்ஸ் தொகுப்பின் 500ஆம் எண், மிக்கி மேன்டில் அட்டை இருக்கிறது. குடும்பப்பெயர் மஞ்சளில் இல்லாமல் வெள்ளையில் இருக்கிறது. இதுவும் வெளுத்ததுதானா?

லென்ஸ்_காரர்:
அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்! 440 முதல் 511 வரையுள்ள எண்களில் சிலவற்றுக்கு வெள்ளை எழுத்து வகை உண்மையிலேயே உண்டு, மேன்டிலும் அதில் ஒருவர். மஞ்சளைவிடப் பல மடங்கு விலை போகும். அதனாலேயே கவனம் தேவை. எழுத்துக்குள் மஞ்சளின் எச்சம் எங்காவது ஒட்டியிருக்கிறதா, தாளின் மேற்பரப்பு அங்கு மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முகத்திலும் மஞ்சள் புள்ளிகள் உண்டு. எழுத்தில் வெளுத்த மஞ்சள் முகத்தில் மட்டும் பளிச்சென்று இருந்தால் வெயிலைக் காரணம் சொல்ல முடியாது. விற்பதாக இருந்தால் தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பிய பிறகே விலை பேசுங்கள்.

டெட்ராய்ட்வாசி:
ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. லென்ஸ் வந்தது. நேற்றிரவு மேசைவிளக்கை அணைத்துவிட்டு, இன்று காலை சன்னலோரம் உட்கார்ந்து அளவுகோலால் அளந்தேன். ஐந்தில் நான்கு ஜோடிகளில் படம் இடம் மாறியிருக்கிறது. ஒன்றில் சட்டைக் கையின் மடிப்பு முழுதும் தெரிகிறது. அதன் இணையில் பாதி மடிப்பு ஓரத்துக்குள் போய்விட்டது. இவ்வளவு நாள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டே இதைப் பார்க்கவில்லை. ஐந்தாவதில் ஓரமும் வெளுத்திருக்கிறது, படம் இம்மி பிசகவில்லை. அதை 212உடன் சேர்த்துவிட்டேன்.

கலைனுக்கு இணை இல்லாததால் இன்னும் முடிவாகவில்லை.

பழைய_அட்டை:
என்னிடம் 150 இரண்டு வகையும் இருக்கின்றன. இரண்டையும் அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்து இன்று மாலை போடுகிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

டெட்ராய்ட்வாசி:
பார்த்தேன் ஐயா. மூன்று முறை அளந்தேன். என்னுடையது வழக்கமான அச்சுதான். பரவாயில்லை. கலைன் 1953 முதல் 1974 வரை இந்த ஒரே ஊருக்காக ஆடி 3,007 ஹிட்கள் (பந்தை அடித்துத் தளம் சேர்ந்தவை) எடுத்தவர். பெட்டியைக் கொடுத்த அந்த வீட்டு அம்மா, தம் கணவர் இந்த ஓர் அட்டையை மட்டும் தனி உறையில் போட்டு வைத்திருந்ததாகச் சொன்னார். அதே உறையில்தான் இப்போதும் இருக்கிறது.